கலைச்சொல்: ஃபோர் வீல் 'விழவில்லை' – எழுத்தில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக ஜீப் பழுதுபார்ப்புக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃபோர் வீல், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் இயக்கம், போட நெம்புகோலைத் தள்ளியும் முன்சக்கரங்களுக்கு விசை போகாத பழுதுக்குத் தலைப்பு வேண்டும். ஆங்கிலத்தில் 'எங்கேஜ்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நான் 'நாற்சக்கர இயக்கம் ஈடுபடாமை' என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. 'இணையாமை' சரிவருமா?

– குறிப்பு எழுதுபவன்

* * *

> நாற்சக்கர இயக்கம் ஈடுபடாமை

ஐயா, இதைப் படித்தால் வண்டிக்கு வேலையில் நாட்டமில்லை என்றல்லவா தோன்றுகிறது! 'இணையாமை'யும் உதவாது. விசையை முன்பக்கம் கொண்டுபோகும் முன்தண்டு, அச்சு எல்லாம் போல்ட் போட்டு இணைத்தபடியேதான் இருக்கின்றன. இணைந்திருந்தும் இழுக்கவில்லை என்பதுதான் நம் சிக்கல்.

பட்டறையில் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். "ஃபோர் வீல் போட்டேன், விழலை." போடுவது ஓட்டுநர், விழுவது கியர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நம்மிடம் தனித்தனியாக இருக்கும்போது எதற்கு ஒன்றாக்க வேண்டும்?

என் கதையைச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் எஸ்டேட் மண்சாலை ஏற்றத்தில் ஜீப் சிக்கிக்கொண்டது. நெம்புகோலை 4எச்சுக்கு (ஃபோர் வீலின் வேக நிலை) தள்ளினேன், அதைக் காட்டும் விளக்கும் எரிந்தது. பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன, முன்சக்கரங்கள் கல்லாக நின்றன. விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டிக்குள் ஏதோ உடைந்துவிட்டது, பெரிய செலவு என்று பயந்துவிட்டேன்.

மெக்கானிக் பெட்டியைத் தொடவே இல்லை. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்து, முதல் கியரும் 4எச்சும் போட்டுவிட்டு, அடியில் படுத்து முன்தண்டைக் கையால் திருகினார். அசையவில்லை. "பெட்டியில விழுந்திருச்சு சார், கீழதான் பூட்டலை" என்றார். அப்புறம் இடது முன்சக்கரத்தைச் சுற்றினார். முன்தண்டு அசையாமல் பிடித்திருக்கும்போது ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். வலது சக்கரம் சும்மா இருந்தது. ஒவ்வொரு முன்சக்கரத்தின் நடுவிலும் இருக்கும் ஹப், வேக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் இழுப்பில்) பூட்டிக்கொள்கிற வகை. அதற்குப் போகும் ரப்பர் ஓஸ் வெடித்திருந்தது, அவ்வளவுதான். ஒரு பக்கம் பூட்டாமல் போனாலே போதும்: விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிஃபரென்ஷியல் அந்தப் பக்கத்து அச்சை வெறுமனே சுற்றவிட்டுவிடும், இன்னொரு பக்கமும் இழுக்காது. விளக்கை நம்பியது என் தவறு. என் வண்டியில் அது பெட்டிக்குள் நடப்பதை மட்டும்தான் சொல்லும், ஹப்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

தண்டு கையால் திருகச் சுழன்றிருந்தால் பழுது பெட்டிப் பக்கம் என்று பொருள். ஆக, பழுது இருக்கும் இடம் இரண்டு. சொல்லும் இரண்டு வேண்டும்.

பெட்டிக்குள் நடப்பது பல்லோடு பல் சேர்வது. 'விழுதல்' பேச்சில் அழகு, ஆனால் பழுதுக் குறிப்பில் 'கியர் விழவில்லை' என்று எழுதினால் புதிதாகப் படிக்கும் பையன் தரையில் தேடுவான். 'கவ்வுதல்' என்று வைக்கலாம். பல் செய்கிற வேலையே அதுதானே. சில சமயம் பல்லின் நுனி இன்னொரு பல்லின் நுனியில் முட்டிக்கொண்டு நிற்கும், வண்டியை நாலடி உருட்டினால் கவ்விக்கொள்ளும். இது பழுதே அல்ல, மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். இதற்கு எதிர்ச்சொல் 'விடுதல்'. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு வளைத்து வளைத்து ஓட்டினால், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஓடும் தூரம் வேறுபட்டுத் தண்டுகள் முறுக்கேறிவிடும். அப்போது கவ்வியது விடாது. நேராகக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் விடும்.

கீழே நடப்பது பூட்டுவது. மெக்கானிக் வாயில் வந்த அந்தச் சொல்லை விடக்கூடாது. மாட்டை நுகத்தடிக்குக் கீழே நிறுத்திவிட்டுப் பூட்டாங்கயிறு கட்டாவிட்டால், மாடு நடக்கும், வண்டி வராது. என் முன்சக்கரங்கள் செய்ததும் அதேதான். ஹப்புக்கும் புதுச்சொல் தேட வேண்டாம், மாட்டுவண்டிச் சக்கரத்தில் அது 'குடம்'. எனவே 'பூட்டுக்குடம்'. போருக்குப் பின் மிஞ்சிய ஜீப்புகளைச் சாலைக்கு ஏற்றபடி மாற்ற, அமெரிக்காவில் வார்ன் நிறுவனம் 1948இல் இதைச் செய்யத் தொடங்கியது. தேவையில்லாதபோது முன்சக்கரத்தை அவிழ்த்துவிடுவதுதான் அதன் நோக்கம், மாட்டை அவிழ்த்துவிடுவது மாதிரி.

– மலைக்காட்டு ஜீப்புக்காரன்

* * *

பூட்டுக்குடம் நல்லாயிருக்குது அண்ணை. ஆனா டிஃபரென்ஷியலைப் பூட்டுற டிஃப் லாக்கும் பூட்டுத்தானே? ரெண்டும் உள்ள வாகனத்திலை 'பூட்டு விழேல்லை' எண்டு எழுதினா எதை எண்டு பார்க்கிறது? இன்னொண்டு, எங்கட பக்கம் சக்கரத்தைச் சில்லு எண்டுதான் சொல்லுவம். 'நாற்சில்லு' எண்டும் ஒருக்கால் குறிச்சு வையுங்கோ.

– யாழ்ப்பாணத்திலை இருந்து

* * *

நியாயமான கேள்வி. குறிப்பில் எங்கேயும் வெறும் 'பூட்டு' என்று எழுதாமல், 'குடப்பூட்டு', 'டிஃபரென்ஷியல் பூட்டு' என்று இடத்தைச் சேர்த்தே எழுதிவிட்டால் குழப்பம் வராது. சில்லும் சேரட்டும்.

– மலைக்காட்டு ஜீப்புக்காரன்

* * *

நன்றி. தலைப்பை 'நெம்புகோல் போட்டும் முன்சக்கரம் இழுக்காமை' என்று மாற்றிவிட்டேன். அதன் கீழே இரண்டு பிரிவு: 'பெட்டி கவ்வாமை', 'குடம் பூட்டாமை'. 'நாற்சக்கர இயக்க'த்தையும் 'நாற்சக்கர இழுவை' ஆக்கிவிட்டேன். பழைய சொல்லைக் கேட்டால் பலருக்குச் சாதாரணக் காரே நினைவுக்கு வருகிறது.

விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் அந்தப் பெட்டியை 'மாற்றுப் பெட்டி' என்று எழுதியிருந்தேன், கையிருப்பில் உள்ள மாற்றுப் பெட்டி என்று மாணவர் ஒருவர் புரிந்துகொண்டார். இனி 'பகிர்வுப் பெட்டி'. வேக்குவம் ஓஸை மட்டும் அப்படியே விடப்போகிறேன். உதிரிபாகக் கடையில் போய் வெற்றிடக் குழாய் கேட்டால் பையன்கள் வெறுங்கையோடுதான் திரும்பி வருவார்கள்.

– குறிப்பு எழுதுபவன்