இணைபல்பகுதியம் என்றால் கலப்படமா? சுருங்கிய போத்தலில் தொடங்கிய வாக்குவாதம்

சுன்னாகத்தான்:
வெறும் சோடாப் போத்தலுக்குள் நல்ல சுடுதண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கூனிக் குறுகிவிடும். கழுத்து வெள்ளையாக இருக்கும் பழச்சாறு போத்தல் அசையாது. இரண்டின் அடியிலும் முக்கோணத்துக்குள் 1, அதாவது பெற் (PET) பிளாஸ்டிக்கின் மீள்சுழற்சி இலக்கம்தான் இருக்கிறது. தூய பெற் பிளாஸ்டிக் 255 பாகை செல்சியஸுக்கு மேலேதான் உருகும். சோடாக் கம்பனிக்காரர் மலிவுக்கு வேறு மொனோமரை (சங்கிலியாகக் கோக்கும் சிறு மூலக்கூறை) கலந்து இணைபல்பகுதியம் ஆக்குகிறார்கள், அதனால்தான் இந்தக் கேடு என்பது என் கட்சி.

இரசாயன வாத்தி:
தம்பி, கலப்பது உண்மைதான். சில வீதம் ஐசோதலிக் அமிலம் சேர்ப்பார்கள், உருகுநிலை 245–250 அளவுக்கு இறங்கும். ஆனால் சுடுதண்ணீர் 100 பாகையைத் தாண்டாதே! இங்கே வேலை காட்டுவது கண்ணாடிநிலை மாற்றம், அதாவது விறைத்த பிளாஸ்டிக் உருகாமலே இளகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 75 பாகை. போத்தலை ஊதும்போது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை இழுத்து நீட்டி அப்படியே குளிரவிடுகிறார்கள். 75ஐத் தாண்டியதும், பளிங்காகாத (ஒழுங்காக அடுக்கப்படாத) பகுதியில் உள்ள சங்கிலிகள் மீண்டும் சுருள்கின்றன. சாறு போத்தலைச் சூடான அச்சிலேயே வைத்திருந்து பளிங்கை வளர்க்கிறார்கள், கழுத்தையும் தனியே சூடாக்குகிறார்கள். அந்த வெள்ளை சாயம் இல்லை. ஒளியைச் சிதறடிக்கும் பளிங்குக் கோளங்கள்.

சுன்னாகத்தான்:
பளிங்கு கூடினால் நல்லதென்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு பளிங்கைக் கெடுக்கிற சாமானைப் போடுவானேன்?

இரசாயன வாத்தி:
ஊதுவதற்கு முன் போத்தல் தடித்த குழாயாக இருக்கும். தடித்தது மெதுவாகத்தான் குளிரும், அதற்குள் பளிங்காகி மங்கிவிட்டால் பிறகு சீராக ஊத வராது. ஐசோதலிக் வளையத்தின் இரு கைகளும் நேரெதிரே இல்லை, கோணலாக நிற்கின்றன. அந்த இடத்தில் சங்கிலி முடங்குகிறது, பளிங்கு வரிசைக்குள் லேசில் புகாது. பளிங்காதல் பிந்துகிறது. அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

கொக்குவில் முப்பரிமாணம்:
நான் பெற்ஜி (PETG) என்ற பெற் வகை இழையில் முப்பரிமாண அச்சடிப்பவன். சோடாப் போத்தலின் கழுத்து வளையத்தையும் பெற்ஜித் துண்டு ஒன்றையும் சூடுகாற்றுத் துப்பாக்கிக்கு முன்னால் பிடித்தேன். வளையம் முதலில் தொய்ந்தது, பிறகு விளிம்பிலிருந்து பால் பரவுவதுபோல வெளுத்து இறுகியது. பெற்ஜி கடைசிவரை தெளிவாகவே தொங்கியது.

இரசாயன வாத்தி:
அருமையான சோதனை. பெற்ஜியில், பெற்றின் ஒரு மூலப்பொருளான எதிலீன் கிளைக்கோலின் ஏறத்தாழ 30 வீத இடத்தை, பருத்த வளையம் உள்ள வேறொரு டையோல் (அதே வகைச் சேர்மம்) பிடித்திருக்கிறது. வரிசை முற்றாகக் குலைந்ததால் உருகுநிலை என்று ஒன்றே கிடையாது, 80 பாகையளவில் இளகும், அவ்வளவுதான்.

சுன்னாகத்தான்:
பார்த்தீர்களா, அந்த டையோல் உருப்படாத சரக்கு! எவ்வளவு போடுகிறோமோ அவ்வளவுக்குக் கெடுக்கிறது.

இரசாயன வாத்தி:
இல்லை. எதிலீன் கிளைக்கோலை முழுதாக எடுத்துவிட்டு அந்த டையோலை மட்டும் போட்டால் மறுபடி பளிங்காகும், உருகுநிலை 290 பாகையளவு, பெற்றைவிடக் கூட. இரண்டும் ஒழுங்கில்லாமல் கலந்து நிற்பதுதான் பளிங்கைத் தடுக்கிறது. 1974இல் நோபல் பரிசு பெற்ற பல்பகுதிய வேதியியலாளர் ஃப்ளோரியின் கணக்கும் இதுதான். பளிங்காகும் அலகு ஒன்றுக்கு அடுத்ததாக அதே அலகு வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் உருகுநிலையைத் தீர்மானிக்கிறது. அந்நிய அலகுகளைத் தூவினால் வாய்ப்பு குறையும், ஒரே வகை அலகுகளை நீண்ட துண்டுகளாக, கட்டங்கட்டமாக வைத்தால் பெரிதாகக் குறையாது. கராச்சில் கேட்டுப் பாருங்கள், காரின் சிவி பூட் (சக்கர அச்சின் மூட்டை மூடும் மடிப்புறை) பல வண்டிகளில் அப்படிக் கட்டங்கட்டமாக அமைந்த, இறப்பர்போன்ற பொலியெஸ்டர் இலாஸ்டோமர்தான். கடினக் கட்டம் பளிங்காகி 200 பாகையளவிலும் உருகாமல் நிற்க, மென்கட்டம் இறப்பர்போல வளைந்து கொடுக்கிறது.

கொக்குவில் முப்பரிமாணம்:
வேறொன்று. மற்றொரு அச்சு இழையான பிஎல்ஏயும் (PLA) பெற்போலப் பொலியெஸ்டர்தான், 60 பாகையிலேயே இளகிவிடும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் தொலைபேசிப் பிடியை அதில் அடித்து வைக்காதீர்கள்.

சுன்னாகத்தான்:
கட்டக் கதையை ஏற்கிறேன் அண்ணை. ஆனால் தூவிக் கலப்பதன் நட்டம் யார் தலையில்? பழைய போத்தல்களை நொறுக்கி 150 பாகைக்கு மேல் உலர்த்தும்போது, கொஞ்சம் பெற்ஜி சேர்ந்திருந்தால் அது பசையாகி எல்லாவற்றையும் கட்டியாக்குகிறது. தூய பெற் அப்படி ஒட்டாது.

இரசாயன வாத்தி:
ஒட்டும், உலர்த்தியில் போடுமுன் பளிங்காக்காவிட்டால். ஆனால் பெற்ஜியை எப்படிச் சூடாக்கினாலும் பளிங்காக்க முடியாது, அந்த இடத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதற்கு வேறு இலக்கம் கொடுத்துப் பிரிக்க வேண்டும். பெற்றுக்குரிய 1ஐ அதன்மேலும் குத்துவதுதான் கலப்படம்.