அத்தையின் கணவர் யார்? பி.எட். வகுப்பில் மானிடவியல் பற்றி ஒரு வாக்குவாதம்

கரும்பலகை:
பக்கத்து இழையில் தாமிரபரணி ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் கொதிக்கிறது. "சமூக மானிடவியல் காட்டுவாசிகளைப் பற்றிய படிப்பு. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நடத்தப்போகும் ஆசிரியருக்கு அது எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். பதினேழு வருடங்களாக பி.எட். மாணவர்களுக்குச் சமூக அறிவியல் கற்பித்தல் முறை நடத்துகிறேன். என் முதல் வகுப்பு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

புத்தகத்தைத் திறக்க மாட்டேன். 'அங்கிள்' என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்பேன். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று நாலாபுறமும் குரல் வரும். பலகையில் கோடு கிழித்து, பெரியப்பாவையும் சித்தப்பாவையும் இடப்பக்கமும் மாமாவை வலப்பக்கமும் எழுதுவேன். "அத்தையின் கணவர் எந்தப் பக்கம்?" மாமா, வலப்பக்கம். "அம்மாவின் தம்பி?" அவரும் மாமா. இரண்டு பேருக்கும் ஒரே சொல் ஏன்? வகுப்பு அமைதியாகிவிடும். போன வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு ஐயா, அத்தையைக் கட்டியவர் அம்மாவுக்கு அண்ணன் முறைதானே" என்றாள். அதுதான் சமூக மானிடவியல். காடு எங்கே வந்தது இதில்?

லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் 1871இல் வெளியிட்ட நூலில் நம் உறவுமுறைச் சொற்களை, நியூயார்க் பக்கத்து அமெரிக்கப் பழங்குடியான செனகா இந்தியர்களின் சொற்களோடு வரிசையாக வைத்துப் பார்த்தார். ஆர்க்காட்டு அமெரிக்கக் கிறித்தவ மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தார் வழியாகத் தமிழ்ச் சொற்கள் அவருக்குக் கிடைத்தன. இரண்டும் ஒரே முறைதான் என்று கண்டார். உலகத்து மானிடவியலே நம் வீட்டுக் கூடத்தில் தொடங்கியிருக்கிறது. அதை நம் ஆசிரியர்களுக்கே சொல்லக்கூடாதா?

தாமிரபரணி:
முப்பத்தொரு வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மாமாவை மாமா என்று அழைக்க எனக்கு எந்த அமெரிக்கரும் கற்றுத் தரவில்லை. முதலில் சொல்லைச் சரியாக எழுதுங்கள்: மானுடவியல்.

அந்தப் படிப்பு நமக்கு என்ன செய்தது என்பதையும் சொல்லுங்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கருவியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் மூக்கை அளந்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி அவர் எழுதி 1909இல் வெளிவந்த ஏழு தொகுதிகளைப் புரட்டுங்கள், சாதிக்குச் சாதி மூக்கின் அளவு அச்சாகியிருக்கிறது. நம் மூக்கை அளந்த படிப்பை நம் பிள்ளைகளுக்கு நடத்தப்போகிறவர்கள் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

நீலமலை:
மானிடவியலில் முதுகலை படித்தவர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பாடத்தை அறிமுகப்படுத்துவதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் "ஒரே முறைதான்" என்பது தவறு. மார்கன் அப்படித்தான் நினைத்தார், அமெரிக்க இந்தியர்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கே அதைச் சான்றாக வைத்தார். 1964இல் ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி என்ற அமெரிக்க மானிடவியலாளர் இரண்டும் வேறு என்று பிரித்துக் காட்டிவிட்டார்.

உங்கள் பலகையிலேயே இன்னும் ஒரு படி தள்ளிப் பாருங்கள். அப்பாவின் அத்தை மகன் அப்பாவுக்கு மச்சான். அப்படியென்றால் எனக்கு மாமா. அவர் மகள் எனக்கு முறைப்பெண். செனகாவில் அதே மனிதர் 'அப்பா' ஆகிவிடுகிறார், அவர் மகள் தங்கை. ஒரு ஊரில் தாலி கட்டலாம், இன்னொரு ஊரில் கூடப்பிறந்தவள். இதை ஒரே முறை என்று ஆசிரியப் பயிற்சி மாணவர்களிடம் எப்படிச் சொல்கிறீர்கள்?

கரும்பலகை:
தம்பி, நான் முதல் வகுப்பைப் பற்றிப் பேசுகிறேன். முதல் வகுப்பில் யாரும் அப்பாவின் அத்தை மகன் வரைக்கும் போக மாட்டார்கள். அப்பாவின் அண்ணன் தம்பி ஒரு பக்கம், அம்மாவின் அண்ணன் தம்பி மறு பக்கம். அது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒரே முறைதான்.

தாமிரபரணி ஐயாவுக்கு: மானிடவியல் என்று அகராதியில் இருக்கிறது. போன வருடம் வரைபடப் பயிற்சி பற்றிய இழையிலும் நீங்கள் எழுத்துப்பிழை தேடித்தான் தப்பித்தீர்கள். நான் மறக்கவில்லை.

நீலமலை:
நான் தம்பி அல்ல, பெண். முறை என்றால் முழுதும்தான் முறை, பாதியை நிறுத்தி வைத்துவிட்டு ஒன்று என்று சொல்ல முடியாது. அப்பாவின் அத்தை மகன் செனகாவில் யார்? மாமாவா, அப்பாவா?

வடமராட்சி:
அத்தை அத்தை என்று எழுதிக்கொண்டு போகிறீர்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் அப்பாவின் சகோதரி மாமி. அம்மாவின் சகோதரனைக் கட்டியவரும் மாமி. மாமாவுக்கு நீங்கள் சொன்ன நியாயம் இதில் இன்னும் தெளிவாகத் தெரிகிறதே! தமிழ் முறை என்றால் தமிழ்நாட்டு முறை மட்டும்தானா?

இன்னொன்று. உங்கள் பக்கம் அக்கா மகளைக் கட்டுகிறீர்கள். எங்களிடம் அவள் மருமகள், மகளுக்குச் சமம். அப்படியொரு கல்யாணத்தை இங்கே யாரும் பேசக்கூட மாட்டார்கள். செனகாவை விடுங்கள், பாக்கு நீரிணையின் இரு பக்கத்திலுமே ஒரே முறை இல்லை.

தாமிரபரணி:
அக்கா மகளைக் கட்டுவதில் என்ன குறை கண்டீர்கள்? என் பெற்றோரே அப்படி மணந்தவர்கள்தான். வார்த்தையை அளந்து எழுதுங்கள்.

வடமராட்சி:
குறை என்று நான் எங்கே எழுதினேன்? வழக்கம் இல்லை என்றேன். திரும்பப் படியுங்கள்.

முதலாண்டு:
நான் பி.எட். முதலாண்டு மாணவி. பயிற்சிக்குப் போன பள்ளியில் நடந்ததை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கரும்பலகை ஐயா சொன்ன மாதிரியே ஏழாம் வகுப்பில் செய்தேன். ஒவ்வொருவரும் உறவு மரம் வரைந்து, யாரை என்னவென்று அழைப்பீர்கள் என்று எழுதச் சொன்னேன். எல்லோரும் ஆர்வமாக வரைந்தார்கள். ஒரு பையன் மட்டும் நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டான். பக்கத்தில் போய்த் திறந்தேன். அம்மா, அப்பா, அவன், அவன் தங்கை. நான்கு வட்டங்கள். மேலே கோடு போட்டு அழித்திருந்தான், தாள் கிழிகிற அளவுக்கு. "எனக்கு மாமா கிடையாது மிஸ்" என்றான். பெற்றோர் சாதி மாறி மணந்தவர்கள், இரண்டு வீட்டிலும் பேச்சுவார்த்தை இல்லை என்று வகுப்பாசிரியர் பிறகு சொன்னார். முன் பெஞ்சில் ஒருவன் அதற்குள், "அப்படியென்றால் நீங்கள் எந்த ஆட்கள்?" என்று கேட்டுவிட்டான்.

என் கேள்விதான் அந்தப் பையனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. இந்த வகுப்பை எப்படி நடத்த வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். ரெக்கார்டு நோட்டில் பாடக்குறிப்பு எழுத வேண்டும்.

தாமிரபரணி:
இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். அன்று மூக்கை அளந்தார்கள், இன்று உறவை அளக்கிறீர்கள். பிள்ளை அழுதது போதாதா? பாடநூலில் இருப்பதை நடத்துங்கள் அம்மா, ஒரு வம்பும் வராது.

முதலாண்டு:
அவன் அழவில்லை ஐயா. பாடநூலை நடத்தினாலும் முன் பெஞ்சுப் பையன் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் போகிறான். அப்போது நான் என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

கரும்பலகை:
அந்தப் பெண்ணின் அனுபவம் வருத்தமானது. ஆனால் தவறு பயிற்சியில் இல்லை. என் வகுப்பில் சொந்த வீட்டு மரத்தை வரையச் சொல்வதே கிடையாது, சொற்களை மட்டும்தான் பலகையில் எழுதுகிறேன். அதைக் கவனிக்காமல் செய்தால் இப்படித்தான் ஆகும்.

மூக்கு மூக்கு என்கிறவருக்கு ஒரு பதில். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கில மானிடவியலாளர் 1901-02இல் நீலகிரியில் தோடர் பழங்குடியினரிடம் உட்கார்ந்து, பெயர் பெயராகக் கேட்டு வம்சாவளி எழுதினார். ஒருவரைக் கேட்டதை இன்னொருவரிடம் சரிபார்த்தார். கேட்பதற்கும் அளப்பதற்கும் வேறுபாடு தெரியாதவர் முப்பத்தொரு வருடம் எதை நடத்தினார்?

இனி நீலமலைக்கு. அப்பாவின் அண்ணன் தம்பி அப்பா வரிசை, அம்மாவின் அண்ணன் தம்பி மாமா வரிசை. செனகாவிலும் அப்படியே, தமிழிலும் அப்படியே. மார்கன் சொன்னதில் மாற்றமில்லை. ஒரே முறைதான்.

நீலமலை:
ரிவர்ஸை நான் சொல்லலாம் என்றிருந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள். தோடர்களிடம் ஒரு பெண்ணுக்குச் சகோதரர்கள் பலர் கணவர்களாக இருந்ததையும், அவர்களில் யார் தந்தை என்பதை வில்லும் அம்பும் கொடுக்கிற சடங்கு தீர்மானித்ததையும் அவர் எழுதினாரே. அந்த இடத்தில் நிறுத்திவிடாமல் வகுப்பில் சொல்கிறீர்களா?

முதலாண்டுத் தங்கைக்கு: உன் கேள்வியில் கனம் இருக்கிறது, தனியாக எழுதுகிறேன்.

கரும்பலகை ஐயா, மூன்றாவது முறையாக எழுதுகிறேன். அப்பாவின் அத்தை மகன். அவரைச் செனகாவில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

வடமராட்சி:
அப்பாவின் மாமி மகன் என்று எழுதுங்கள்.

கரும்பலகை:
அத்தை என்றுதான் எழுதுவேன். நாளைக் காலை எனக்கு வகுப்பு இருக்கிறது. பலகையில் கோடு கிழிக்கத்தான் போகிறேன், மார்கனின் பெயரையும் எழுதத்தான் போகிறேன். ஒரே முறைதான்.

நீலமலை:
எந்தப் பக்கம், ஐயா?