செட்டைம்அவுட் இல்லாமல் வெப் காம்பொனென்ட்டுக்குக் காத்திருப்பது எப்படி?

கேள்வி:
ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவுப் பக்கம் செய்கிறேன். நாள் தேர்வு செய்ய, லிட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் எழுதிய ‘ஹால்-காலண்டர்’ என்ற கஸ்டம் எலிமென்ட் (நாமே உருவாக்கும் எச்டிஎம்எல் டேக்). பக்கம் திறந்ததும், பதிவான நாட்களை அடைக்க அதன் ‘பிளாக்டேட்ஸ்’ மெத்தடை அழைக்கிறேன். பாதி நேரம் கன்சோலில் ‘இஸ் நாட் எ ஃபங்ஷன்’ என்று சிவப்பாக வருகிறது. டாம்கன்டென்ட்லோடடுக்குள் (பக்கத்தின் எச்டிஎம்எல்லைப் படித்து முடித்ததும் வரும் ஈவென்ட்) போட்டும் அதே கதை.

செட்டைம்அவுட்டில் (கொடுத்த நேரம் கழித்து கோடை ஓட்டும் ஃபங்ஷன்) 500 மில்லிசெகண்ட் வைத்தேன், என் லேப்டாப்பில் ஓடியது. மண்டபக்காரர் தன் போனில் திறந்தால் ஆவணி முகூர்த்தம் அத்தனையும் காலி! யாரோ ஒருவருக்கு நாள் கொடுக்கவே போய்விட்டார். 2000 ஆக்கிவிடலாமா?

பதில் 1:
2000 வைத்தால் 3 செகண்ட் எடுக்கும் போன் ஒன்று வரும். காம்பொனென்ட் ஃபைலை டைனமிக் இம்போர்ட்டில் (கோட் ஓடும்போதே ஃபைலை வரவழைக்கும் முறை) ஏற்றுகிறீர்களா? சாதாரண மாட்யூல் ஸ்கிரிப்ட் என்றால் டாம்கன்டென்ட்லோடட் காத்திருக்கும். டைனமிக் இம்போர்ட்டுக்குக் காத்திருக்காது. காம்பொனென்ட்டின் ஜாவாஸ்கிரிப்ட் கிளாஸ் பதிவாகும் வரை அந்த டேக் பிரவுசருக்கு வெறும் எச்டிஎம்எல் எலிமென்ட்தான், மெத்தட் எங்கிருந்து வரும்? பிரவுசரின் கஸ்டம்எலிமென்ட்ஸ் பதிவேட்டில் ‘வென்டிஃபைன்ட்’ என்ற மெத்தட் இருக்கிறது. டேக் பெயரைக் கொடுத்தால், கிளாஸ் பதிவானதும் நிறைவேறும் ஒரு ப்ராமிஸ் தரும். அதை அவெய்ட் செய்துவிட்டு (நிறைவேறும் வரை காத்திருந்து) உங்கள் மெத்தடை அழையுங்கள்.

கேட்டவர்:
டைனமிக் இம்போர்ட்தான் சார், சரியாகப் பிடித்தீர்கள். சிவப்பு எரர் போய்விட்டது. ஆனால் மெத்தடுக்குள் ஷேடோ ரூட்டில் (காம்பொனென்ட் தன் உள்ளடக்கத்தை வரையும் தனி இடம்) நாள் கட்டங்களைத் தேடினால் ஒன்றுகூட இல்லை. கிளாஸ் வந்துவிட்டதே, இன்னும் என்ன?

பதில் 2:
கிளாஸ் பதிவாவது வேறு, திரையில் வரைவது வேறு. லிட் உடனே வரையாது, மைக்ரோடாஸ்கில் (இப்போது ஓடும் கோட் முடிந்ததும் ஓடும் வேலை) தள்ளிவைக்கும். வென்டிஃபைன்டுக்கு அப்புறம் எலிமென்ட்டின் ‘அப்டேட்கம்ப்ளீட்’ ப்ராமிஸையும் அவெய்ட் செய்தால் கட்டங்கள் கிடைக்கும். இது லிட்டுக்கு மட்டும்தான். காம்பொனென்ட் தானே சர்வரில் இருந்து டேட்டா எடுத்தால் அதற்கும் இது காத்திருக்காது.

ஆனால் தம்பி, கட்டத்தைத் தேடிப் பிடித்து சிஎஸ்எஸ் கிளாஸ் ஒட்டும் வேலை எதற்கு? அடைத்த நாட்களை ரியாக்டிவ் ப்ராபர்டியாக (மதிப்பு மாறினால் லிட் தானே மறுபடி வரையும்) அறிவித்து, வெளியிலிருந்து அர்ரேயை அப்படியே வையுங்கள். கிளாஸ் வரும் முன்பே வைத்தாலும் லிட் எடுத்துக்கொள்ளும். (கையால் எழுதிய காம்பொனென்ட்டில் இந்த வசதி கிடையாது. முன்பே வைத்த மதிப்பு, கிளாஸில் உள்ள செட்டரை (மதிப்பு வைக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) மறைத்துவிடும், நான் ஒரு நாள் முழுக்க மண்டை காய்ந்திருக்கிறேன்.)

கேட்டவர்:
மாற்றிவிட்டேன் அண்ணே. மெத்தடே போய்விட்டது, செட்டைம்அவுட்டும் வென்டிஃபைன்டும் கூடத் தேவைப்படவில்லை. மண்டபக்காரர் போனில் ஆவணி இப்போது சாம்பல் நிறத்தில் நிற்கிறது.