ஒய்37.541: ஆறாம் இடத்தில் நிற்கும் 1

அமெரிக்க மருத்துவமனைகள் நோய், காயம், அதன் காரணம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் ஐசிடி-10-சிஎம் கோடிங்கில், அணு ஆயுதக் காயம் என்றதும் கை தானாக ஒய்36-க்குப் போய்விடுகிறது. அது போர் நடவடிக்கைக்கு மட்டும். சமாதான காலத்தில், ராணுவ இடத்திலோ வழக்கமான ராணுவப் பயிற்சியிலோ அடிபட்டால் ஒய்37. இரண்டுக்கும் நடுவே எக்ஸ்க்ளூட்ஸ்1 (சேர்த்துப் போடக் கூடாது என்ற குறிப்பு) இருப்பதால் ஒரே சம்பவத்துக்கு இரண்டையும் சேர்த்துப் போட முடியாது.

இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும். 1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா: போர், ஆகவே ஒய்36. 1954 மார்ச் 1, பிகினி அட்டோலில் அமெரிக்கா நடத்திய காசில் பிராவோ: 15 மெகாடன், கணக்கிட்டதைவிட இரண்டரை மடங்கு. அது சோதனை, யாரோடும் போர் இல்லை. சாம்பல் விழுந்தது ரோங்கெலாப் தீவில் இருந்த 64 பேர் மேலும், ஒரு ஜப்பானிய சூரை மீன் படகில் இருந்த 23 பேர் மேலும். எல்லோரும் சிவிலியன்கள். அப்போது இந்த கோட் கிடையாது. இன்று அந்தக் காயத்தைப் பதிவு செய்தால் ஒய்37 என்றுதான் நான் போடுவேன்.

இடம் இடமாகப் பிரித்தால்: ஒய்37-க்குப் பின் 5 என்றால் அணு ஆயுதம். அடுத்த 4 கதிர்வீச்சு விளைவு. ஆறாவதாக வரும் 1 சிவிலியன். ராணுவத்தார் என்றால் 0. கடைசியில் சிகிச்சை எந்தக் கட்டம் என்று சொல்லும் ஏ, டி (ஆங்கில D), எஸ் மூன்றில் ஒன்று. ஏழு இடமும் நிரம்பிவிட்டது, காலி இடத்தை நிரப்பும் எக்ஸ் தேவையில்லை. தளத்தில் வேலை பார்க்கும் கான்ட்ராக்டரும் சிவிலியன்தான். "ராணுவத் தளம்" என்ற வார்த்தையைப் பார்த்ததும் 0 போட்டுவிடாதீர்கள்.

*

ஐந்தாம் இடம்தான் அதிகம் தவறுகிறது. வெடிப்பின் அழுத்தம் நேராக உடம்பைத் தாக்கினால் 1. தூக்கி எறியப்பட்டாலோ, இடிந்து விழுந்ததில் நசுங்கினாலோ 2. தீக்கோளத்தின் நேரடி வெப்பம் 3. உடனடிக் கதிர்வீச்சும், பிறகு விழும் கதிரியக்கச் சாம்பலும் 4-க்குள் வரும். 9 மற்றவை. டாக்டர் எதையுமே சொல்லவில்லை என்றால் மட்டும் 0.

காயத்தின் கோடும் இதோடு ஒத்துப்போக வேண்டும். இரு நுரையீரலிலும் நேரடி வெடி அழுத்தக் காயம் என்றால் எஸ்27.312, கூடவே இரண்டு காதிலும் இருந்தால் எஸ்09.313. அதற்குத் துணையாக 3-ஐப் போட்டால் ஆடிட்டர் கேட்கத்தான் செய்வார். ஒரே ஆளுக்கு இரண்டு விளைவுகள் இருந்தால் இரண்டு எக்ஸ்டர்னல் காஸ் கோட் (காயத்தின் காரணத்தைச் சொல்லும் ஒய் கோட்) போடலாம், தடையில்லை. முதலில் வருவது மிகக் கடுமையான நோயறிதலுக்குக் காரணமானது.

*

டி66 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நிறைய சார்ட் திரும்பி வருவது இதில்தான். டி66 (ஆங்கில T) கதிர்வீச்சு நோய், வகை குறிப்பிடப்படாதது. மூன்று எழுத்து கோட் என்பதால் மூன்று எக்ஸ் வைத்து, பிறகு ஏழாவது எழுத்து. ஆனால் அதன் கீழே உள்ள எக்ஸ்க்ளூட்ஸ்1-ஐப் படியுங்கள்: தீக்காயம், லுகேமியா, கதிர்வீச்சால் வந்த குடல் அழற்சி கே52.0, நுரையீரல் அழற்சி ஜே70.0, எல்55 முதல் எல்59 வரையிலான தோல் பாதிப்பு. இவற்றில் ஒன்றை டாக்டர் பெயர் சொல்லி எழுதிவிட்டால், அதே பாதிப்புக்கு டி66 போட இடமில்லை.

ரோங்கெலாப் மக்களுக்குச் சாம்பல் படிந்த தலை, கழுத்து, பாதங்களில் சுமார் இரண்டு வாரம் கழித்துப் புண் வந்தது, முடி கொட்டியது. இப்படிப்பட்ட புண்ணை "பீட்டா பர்ன்" என்று டாக்டர் எழுதினால் டி20 முதல் டி25 வரையிலான தீக்காய வரிசை. அந்த வரிசையின் குறிப்பே கதிர்வீச்சால் வரும் தீக்காயத்தையும் சேர்த்துக்கொள்கிறது. "அக்யூட் ரேடியோடெர்மடைடிஸ்" (கதிர்வீச்சால் வரும் தீவிரத் தோல் அழற்சி) என்று எழுதினால் எல்58.0. தோல் ஒன்றுதான், ஆனால் சொல் மாறினால் அத்தியாயமே மாறிவிடும். படத்தைப் பார்த்து நாமே முடிவு செய்யக் கூடாது, டாக்டரிடம் க்வெரி போட்டுக் கேட்க வேண்டும். எலும்பு மஜ்ஜை பாதித்து ஏப்ளாஸ்டிக் அனீமியா என்று வந்தால் டி61.2. இங்கே "டி" வேறு எழுத்து, ஆங்கிலத்தில் நான்காவது. டைப் செய்யும்போது டி66-இன் "டி"யோடு கலந்துவிடுகிறது, கவனம்.

*

மேலே சொன்னதோடு ஒன்று. பயங்கரவாதம் என்றால் ஒய்38.5. அங்கே சிவிலியனுக்கு எண் 2. 1 என்றால் காவல், தீயணைப்பு போன்ற பொதுப் பாதுகாப்பு அலுவலர். ஒய்37 பழக்கத்தில் 1 போட்டால் ஆளே மாறிவிடுகிறார். எஃப்பிஐ பயங்கரவாதம் என்று உறுதி செய்த பிறகுதான் ஒய்38. சந்தேகம் மட்டும் என்றால் தாக்குதல் கோட்.

*

ஏழாவது எழுத்தில் ஏ என்றால் முதல் விசிட் என்று அர்த்தம் இல்லை. தீவிர சிகிச்சை நடக்கும் வரை, நான்காவது டாக்டர் பார்த்தாலும் ஏதான். ஆறிவரும் கட்டத்தில் டி. பழைய பாதிப்பின் விளைவுக்கு எஸ்.

எஸ் போடும்போது வரிசை முக்கியம். இன்றைக்கு இருக்கும் பிரச்சினை முதலில், அதற்குக் காரணமான காயம் எஸ்ஸோடு அடுத்து, பிறகு ஒய்37.541எஸ். ஆரம்பத்தில் கதிர்வீச்சு நோய் இருந்ததாக ஆவணத்தில் இருந்தால் மட்டுமே டி66-க்கு எஸ். சாம்பல் பட்டது என்பதற்காக மட்டும் அதைச் சேர்க்க முடியாது. ஆறிக்கொண்டிருக்கும் அதே காயத்தின் கோடோடு எஸ்ஸுள்ள எக்ஸ்டர்னல் காஸைச் சேர்க்கக் கூடாது.

ரோங்கெலாப் மக்களுக்குப் பல வருடம் கழித்துத் தைராய்டு கட்டிகள் வந்தன. இதுபோல் கதிர்வீச்சுக்குப் பின் தைராய்டு சுரப்பு குறைந்தால் கோட் புத்தகத்தின் இண்டெக்ஸ் இ89.0-க்கு இழுக்கும். அது சிகிச்சைக்குப் பின் வருவதற்கு உரியது. சாம்பல் சிகிச்சை இல்லை. இ03-இல் டாக்டர் எழுதியதற்குப் பொருந்துவதைத் தேடுங்கள். புற்றுநோய் என்றால் சி73.

இட கோட், ராணுவப் பயிற்சி மைதானம் என்றால் ஒய்92.84, ஏ இருக்கும் விசிட்டில் ஒரே முறை. டி, எஸ் வரும்போது எடுத்துவிட வேண்டும். எந்த ஒய் கோடும் முதல் இடத்தில் போகாது. மருத்துவமனை பில்லுக்கான யூபி-04 படிவத்தில் இவற்றுக்கென்றே 72ஆம் கட்டம் இருக்கிறது, அதில் மூன்று அடங்கும்.