“ஓடி வரவில்லை, கிளம்பி வந்தேன்”

குழந்தைகள் காப்பகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது, தனியாக வந்து சேரும் சிறுவர்களின் விவரப் படிவத்தை நிரப்புவது என் வேலை. ‘வந்த விதம்’ என்ற இடத்தில் காணாமல் போனவர், கடத்தப்பட்டவர், வீட்டைவிட்டு ஓடியவர் என்று மூன்றே கட்டங்கள். மூன்றாவதில் நான் குறியிடப் போனபோது, எதிரே இருந்த 15 வயதுப் பையன், “நான் ஓடி வரவில்லை, கிளம்பி வந்தேன்” என்றான். அம்மாவிடம் சொல்லிக்கொண்டுதான் புறப்பட்டானாம். அவர் அழுதுகொண்டே வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தாராம்.

சட்டைப்பையிலிருந்து வியர்வையில் ஊறி அட்டை பிரிந்த குறிப்பேடு ஒன்றை எடுத்துக் காட்டினான். இடப்பக்கம் சம்பளம், வலப்பக்கம் வீட்டுக்கு அனுப்பிய தொகை. கடைசி மூன்று மாதங்களுக்கு இரண்டு பக்கமும் வெறுமையாக இருந்தன. முதலாளி கூலி தரவில்லை. அதில் அவனுக்குக் கடுங்கோபம் இருந்ததே தவிர, வந்துவிட்டோமே என்ற வருத்தம் துளியும் இல்லை. “அந்தப் பணத்தை வாங்கித் தருவீர்களா?” என்று அவன் கேட்டுக்கொண்டிருக்க, நாங்களோ (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) அவனை என்றைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்து மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 12ஆவது பிரிவில் சொல்கிறது. அவன் சொன்னதை எழுதப் படிவத்தில் இடமில்லாததால் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

---

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நான் சந்தித்த 16 வயதுப் பெண்ணும் தன் விருப்பத்தில்தான் வந்ததாகப் பல வாரங்கள் சாதித்தாள். அழைத்து வந்தவரிடம் அவள் கடன்பட்டிருந்ததும், அந்தக் கடன் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனதும் பிறகுதான் வெளியே வந்தன. சுரண்டும் நோக்கத்தோடு குழந்தையை அழைத்துச் செல்வது, குழந்தையே சம்மதித்திருந்தாலும், ஆள்கடத்தல்தான் என்று 2000ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறை வரையறுத்திருப்பது இப்படிப்பட்ட நிலைமைகளுக்காகவே.

ஆனால் ‘கடத்தல்’ என்ற சொல்லை நான் உச்சரித்ததுமே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டில் பேசி முடித்திருந்த திருமணத்திலிருந்து தப்பிக்கத் தானே போட்ட திட்டத்தை, யாரோ ஒருவரின் சூழ்ச்சியாக நான் மாற்றிவிட்டதாக அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, “கடன் இன்னும் எவ்வளவு பாக்கி?” என்று மட்டும் கேட்டேன். தொகையைச் சில்லறை வரை சரியாகச் சொன்னாள். பிறகு, தன்னை எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள், வீட்டுக்கு மட்டும் வேண்டாம் என்றாள்.