ரத்தக்குழாய் அடைப்பை விளக்கப் படம் தேவை

வணக்கம். மண்டபம் பக்கத்து மீனவர் ஊர் ஒன்றில் இதய ரத்தக்குழாய் அடைப்பு பற்றிப் பேசப் போகிறேன். கொழுப்பு உடம்பெல்லாம் சுற்றும்போது, அடைப்பு மட்டும் ஏன் கிளை பிரியும் இடத்திலும் உள்வளைவிலும் அதிகம் வருகிறது? அதை விளக்குவதில்தான் சிக்கல்.

நேரான பகுதியில் ரத்தம் சுவரை உரசும் விசை சீராக, 1 பாஸ்கலுக்கு (ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் விசையை அளக்கும் அலகு) மேல் இருக்கும். அது உள்சுவர் செல்களைக் காக்கிறது. கிளை பிரியும் இடத்தின் வெளிச்சுவரில் அது 0.4 பாஸ்கலுக்கும் கீழே இறங்கி முன்னும் பின்னும் அலையலாம். அங்கே அழற்சி கூடி, எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுகிறது. பாம்பனில் நீரோட்டம் தளரும் இடத்தில் மணல் சேர்வதுபோல என்று சொல்லலாம்தான். ஆனால் கொழுப்பு மேலே படிவதில்லை, உள்ளே சேர்கிறது. (இதை விட்டுவிட்டால் 'குழாய் கழுவும்' மருந்து விற்பவர்களுக்குக் கொண்டாட்டம்!)

இதைக் காட்டும் தமிழ்ப் படமோ காணொளியோ யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், ரத்த அழுத்தம் சுவரை இழுப்பதையும் சேர்த்துச் சொல்லலாமா, குழப்புமா?