மறு: ‘கட்டுப்பாட்டுச் செயலி’ வேண்டாம்; ஓட்டு, ஏவு என்ற இரண்டு சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

திறன்பேசியில் இருந்து பொம்மை ரோபோவை ஓட்டுகிற ஒரு செயலியின் திரைச்சொற்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். முதல் பொத்தானிலேயே நின்றுவிட்டேன். மூலத்தில் அங்கே ‘கன்ட்ரோல்’ என்று இருக்கிறது. அதற்கு இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன். பதில் கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘கட்டுப்படுத்து’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் சொல். தொலைக்கட்டுப்பாடு, கட்டுப்பாட்டு அறை என்றெல்லாம் எழுதுகிறோம். புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, கட்டுப்பாட்டு அறையை நான் தொடவில்லை, அது நன்றாகவே நிலைத்துவிட்டது. ஆனால் ‘கட்டுப்படுத்து’ என்ற வினையை நாம் எங்கே சொல்கிறோம் என்று பாருங்கள். தீயைக் கட்டுப்படுத்தினார்கள், கூட்டத்தைக் கட்டுப்படுத்தினார்கள், சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள் என்றார் டாக்டர். எல்லா இடத்திலும் ஏதோ ஒன்று தன் போக்கில் போகிறது, நாம் அதை அடக்குகிறோம். பொம்மை வண்டி அப்படி இல்லை. அது தரையில் சும்மா கிடக்கிறது. அதை நகர வைக்கத்தான் பொத்தானே.

இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இந்த வண்டிகளைச் செய்யச் சொல்லித்தருகிறேன். ‘கட்டுப்படுத்து’ என்று எழுதிய முதல் வடிவத்தை ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்தேன். திரையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “இது வண்டிய நிறுத்துற பட்டனா சார்?” என்று கேட்டான். அவன் படித்தது சரி. நான் எழுதியதுதான் தவறு.

அதே அறையில் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று அன்று முழுவதும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன். “இப்ப நான் ஓட்டுறேன், நீ தள்ளு.” “அவன் மட்டும் ரெண்டு தடவ ஓட்டிட்டான்.” ஒருவர் வாயிலும் கட்டுப்படுத்து வரவில்லை, இயக்கு வரவில்லை. ஓட்டு, ஓட்டு, ஓட்டு. சைக்கிளும் பேருந்தும் ஏரும் ஆடுமாடும் நம் மொழியில் ஓட்டத்தான் படுகின்றன. போனில் ஓட்டினாலும் அது ஓட்டுதலே.

> ஓட்டு என்றால் தேர்தல் ஓட்டு என்று குழம்பாதா?

பெயர்ச்சொல்லாகத் தனியே நின்றால் குழம்பும், உண்மை. ‘ஓட்டுச் செயலி’ என்று பெயர் வைத்தால் தேர்தல் ஆணையத்தின் செயலி என்றே யாரும் நினைப்பார்கள். அதனால் அந்தக் கூட்டுச்சொல்லை நானே அடித்துவிட்டேன். ‘வண்டி ஓட்டும் செயலி’ என்று பெயரெச்சமாக வரட்டும். பொத்தானில் வெறும் ‘ஓட்டு’ இருக்கலாம். பக்கத்திலேயே வண்டிப் படம் இருக்கிறது.

இங்கேயே முடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் போன மாதம் நடந்த ஒன்று இரண்டாவது சொல்லைத் தேட வைத்தது.

எங்கள் வண்டி மிக எளியது. நிரலை ஏற்றி வைக்கிற அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை, எச்.சி-05 என்ற புளூடூத் தகடு, பலகை சொல்கிறபடி மோட்டார்களுக்கு மின்சாரம் விடுகிற எல்298என் மோட்டார் டிரைவர், கடையில் பி.ஓ. மோட்டார் என்று கேட்டால் கொடுக்கிற மஞ்சள் மோட்டார் இரண்டு. போனில் ‘முன்’ பொத்தானை அழுத்தினால் ‘எஃப்’ என்ற ஒற்றை எழுத்து புளூடூத் வழியே போகும். விரலை எடுத்தால் ‘எஸ்’ போகும், வண்டி நிற்கும். இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்கள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

அன்று ஒரு பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி தன்னைத் துரத்துகிற மாதிரி விளையாட்டாக முன்னால் ஓடினாள். தாழ்வாரம் திரும்பும் இடத்தில் சுவர் குறுக்கே வந்தது. எச்.சி-05 எட்டுகிற தூரமே ஏறத்தாழ 10 மீட்டர்தான், சுவர் வந்தால் இன்னும் குறையும். தொடர்பு அறுந்தது. அவள் விரலை எடுத்தபோது புறப்பட்ட ‘எஸ்’ வந்து சேரவே இல்லை. வண்டி கடைசியாகக் கேட்ட ‘எஃப்’ஐ வைத்துக்கொண்டு நேராகப் போய், மூன்று படிகளில் உருண்டு விழுந்தது. ஒரு சக்கரம் தனியாகக் கழன்று ஓடியது. அவள் அழுதுவிட்டாள். தான் உடைத்துவிட்டதாக நினைத்தாள். உன் தவறு இல்லை அம்மா, சார் எழுதிய நிரலில்தான் பிழை என்று அவளுக்குப் புரிய வைக்க வெகுநேரம் ஆனது.

அன்று இரவு நிரலைத் திறந்து பார்த்தபோதுதான் உறைத்தது. ஓட்டுவது என்றால் கை அதிலேயே இருக்க வேண்டும். சைக்கிளில் கையும் காலும் விட்டால் அது நிற்கும், அல்லது சாயும். மாடு ஓட்டுகிறவன் கயிற்றை விடுவதில்லை. எங்கள் வண்டியிலோ கை ஒரே ஒரு முறைதான் தொட்டது. ஒரு எழுத்தை அனுப்பியது, அதோடு சரி. இதற்குத் தமிழில் வேறு வினை இருக்கிறது: ஏவு. அம்பை ஏவினான், நாயை ஏவிவிட்டான், ஏவுகணை. ஏவியது கையை விட்டுப் போய்விடும். அப்புறம் அது பாட்டுக்குப் போகும்.

திரையில் பார்க்க அது ஓட்டுகிற பொத்தான், உள்ளே ஏவுகிற நிரல். பிழை அந்த இடைவெளியில்தான் இருந்தது. இந்த இரண்டு சொல்லும் முன்பே என் கையில் இருந்திருந்தால், எழுதும்போதே ‘இங்கே ஓட்டுகிறேனா, ஏவுகிறேனா’ என்று கேட்டிருப்பேன். ‘கட்டுப்படுத்து’ அந்தக் கேள்வியைக் கேட்க விடவில்லை, ஏனென்றால் அது இரண்டையும் ஒன்றாகப் போர்த்திவிடுகிறது. ஆங்கிலச் சொல்லுக்கும் இதே குறை உண்டு. அந்தக் குறையையும் சேர்த்து நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

திருத்தம் சிறியதுதான். விரல் பொத்தானில் இருக்கும்வரை செயலி 100 மில்லிநொடிக்கு ஒரு முறை அதே எழுத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். வண்டி 500 மில்லிநொடி எதுவும் கேட்காவிட்டால் தானே நின்றுவிடும். இப்போது அது உண்மையிலேயே ஓட்டுதல்.

ஏவுதலும் வேண்டும், அது தவறான முறை அல்ல. செயலியின் இரண்டாம் பக்கத்தில் கட்டங்களை அடுக்கி ‘இரண்டு நொடி நட, வலம் திரும்பு, நில்’ என்று ஒரு வரிசை செய்கிறோம். அதை அனுப்பிய பிறகு பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். அந்தப் பக்கத்தின் பொத்தானுக்கு ‘ஏவு’. அதில் அடுக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘ஏவல்’.

‘கட்டளை’ இருக்கிறதே என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். கணினித் திரையில் தட்டச்சு செய்து கொடுப்பதற்குக் கட்டளை நல்ல சொல், அது அங்கே இருக்கட்டும். இங்கே ஏவலை நான் விரும்ப ஒரு காரணம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கிற ஏவல் வினை. நட, வா, நில், திரும்பு: தமிழில் வினையின் பகுதியே ஏவலாக நின்றுவிடுகிறது. ஒரு விகுதி வேண்டாம், ஒரு துணைச்சொல் வேண்டாம். கட்டைவிரல் அகலப் பொத்தானில் ‘நட’ என்று இரண்டே எழுத்து. ரோபோவோடு பேசுவதற்கு இதைவிடத் தோதான வடிவம் எந்த மொழியில் இருக்கும் என்று தெரியவில்லை. கட்டங்களை அடுக்கிய ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “இது எல்லாமே ஏவல் வினைமுற்று சார்” என்று தானாகவே சொன்னாள். எனக்கு அன்று வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

இலக்கணம் இன்னொன்றையும் கொடுக்கிறது. ஏவல் முன்னிலைக்கு மட்டும் உரியது, எதிரே நிற்பவரிடம் சொல்வது. ‘வாழ்க’, ‘வருக’ என்று வருகிற வியங்கோள் எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் பொது. அடுத்த வடிவத்தில் வைஃபை உள்ளேயே இருக்கிற இ.எஸ்.பி.32 என்ற பலகை வைத்து வண்டிகளை ஓட்டப்போகிறோம். அதில் ஆசிரியர் போனில் மட்டும் அறையில் உள்ள எல்லா வண்டிகளையும் ஒரே அழுத்தில் நிறுத்தும் பொத்தான் இருக்கும். தனி வண்டிக்கு ‘நில்’. எல்லாவற்றுக்கும் ‘நிற்க’. இதற்கு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், எனக்கு இது மிகவும் பிடித்துப்போய்விட்டது.

> ஏவல் என்றால் பில்லி சூனியம் நினைவுக்கு வருகிறதே.

வருகிறது. ‘ஏவல் பொம்மை’ என்று நான் முதலில் எழுதியதைப் படித்துவிட்டு என் அம்மாவே முகத்தைச் சுளித்தார். பொம்மையும் ஏவலும் சேர்ந்து நின்றால் அந்தப் பொருள்தான் முந்திக்கொண்டு வரும். அதனால் அந்தப் பெயரைத் திரும்பப் பெறுகிறேன். பொம்மை, ரோபோ, வண்டி ஆகியவற்றின் பக்கத்தில் ஏவல் வரக் கூடாது. பொத்தானிலும் கட்டங்களிலும் மட்டும் வரட்டும். ஏவுகணையும் ஏவுதளமும் செய்தித்தாளில் வந்தபோது யாரும் சூனியத்தை நினைக்கவில்லை.

‘தானியங்கிப் பொம்மை’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. தானே இயங்குவதுதான் தானியங்கி. பிள்ளை விரலால் ஓட்டுகிற ஒன்றை அப்படிச் சொல்வது நேர் எதிர். இந்தச் சிக்கல் பழையது. 1898இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் நிகோலா டெஸ்லா ஒரு சிறு படகை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு, கம்பியே இல்லாமல் வானொலி அலையால் ஓட்டிக் காட்டினார். அந்த வகை இயந்திரத்துக்கு அவர் வைத்த பெயர் ‘டெலிஆட்டோமேட்டன்’. தொலைவில் இருந்து இன்னொருவர் ஓட்டுகிற தானியங்கி! பெயரின் முன்பாதியும் பின்பாதியும் அன்றைக்கே ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றிருக்கின்றன. ‘ரோபோ’வை அப்படியே விட்டுவிடலாம். அதுவும் செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் ‘ரொபோட்டா’வில் இருந்து வந்ததுதான். 1920இல் செக் எழுத்தாளர் கரெல் சாபெக் எழுதிய நாடகத்துக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். ஏவலாள் என்ற பொருள் அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்து இடம், வலம். இது சொல் பிரச்சினையா வடிவமைப்புப் பிரச்சினையா என்று பிரிக்க முடியவில்லை. வண்டி என்னை விட்டு விலகிப் போகும்போது அதன் இடமும் என் இடமும் ஒன்று. திரும்பி என்னை நோக்கி வரும்போது மாறிவிடுகிறது. புதிதாக ஓட்டும் பிள்ளைகள் எல்லாரும் இங்கேதான் சுவரில் முட்டுகிறார்கள். மாட்டுவண்டியில் இந்தத் தொல்லை கிடையாது. ஓட்டுகிறவர் பின்னால் உட்கார்ந்திருப்பதால் இடத்து மாடு எப்போதும் அவருக்கும் இடப்பக்கம்தான். போனில் ஓட்டுகிறவர் வண்டிக்கு வெளியே நிற்கிறார்.

அமெரிக்காவின் கொலராடோவில் வடிவமைத்து 2011இல் விற்பனைக்கு வந்த ஸ்பீரோ என்ற உருண்டை ரோபோவில் இதற்கு அழகான விடை உண்டு. அது வெறும் பந்து. உள்ளே ஒரு குட்டி வண்டி சக்கரத்தால் பந்தின் உட்சுவரை உந்த, பந்து உருளும். பந்துக்கு ஏது முன்பக்கம்? அதனால் உள்ளே நீல நிறத்தில் ஒரு வால் விளக்கு வைத்தார்கள். விளையாடத் தொடங்கும் முன் திரையில் வட்டத்தைச் சுழற்றி, அந்த நீல விளக்கு நம்மைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு நாம் மேலே தள்ளினால் பந்து நம்மை விட்டு விலகிப் போகும், அது எப்படி உருண்டு கிடந்தாலும் சரி. அதற்குப் போகும் ஏவலில்கூட இடம், வலம் இல்லை. வேகமும் 0 முதல் 359 வரை திசைக் கோணமும்தான்.

இந்தச் செயலுக்கு மூலத்தில் ‘எய்ம்’ என்று இருக்கிறது. ‘குறிவை’ என்று எழுதினால் சுடப்போவதாக ஆகிவிடும். நான் ‘திசை பொருத்து’ என்று எழுதியிருக்கிறேன்.

புளூடூத் ‘பேரிங்’குக்கு யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘சோடி சேர்’ நூற்றுக்கு நூறு சரி. ஒரு போனும் ஒரு வண்டியும் முதல் தடவை ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்வது, அதாவது எச்.சி-05இல் 1234 என்ற எண்ணைக் கொடுப்பது, ஒரு முறை நடப்பது. அது சோடி சேர்தல். அப்புறம் ஒவ்வொரு முறையும் தொடர்பு கொள்வது இணைதல். இரண்டுக்கும் ‘இணை’ என்றே எழுதி இத்தனை நாள் பிள்ளைகளைக் குழப்பியிருக்கிறேன். இங்கே ஜோடி என்று சொல்கிறவர்களுக்கும் சோடி புரியும்.

காஸ்மோ மாதிரியான ரோபோக்களைப் பற்றிக் கேட்டவருக்கு: 2016இல் வந்த அந்தக் குட்டி ரோபோ தானே ஒரு வைஃபை வலையைத் திறக்கும், அதில் போனை இணைக்க வேண்டும். முகத்தை அடையாளம் காண்பது போன்ற கனமான கணக்குகள் போனில்தான் நடக்கும். அங்கே போன் ஓட்டுவதும் இல்லை, ஏவுவதும் இல்லை, அதுவே மூளையாக இருக்கிறது. அதற்கு வேறு சொல் வேண்டும், வேறு இழையில் பேசலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் திரைச்சொற்களை ஏற்றியாக வேண்டும். ஒன்றுதான் மிச்சம். நான் மேலே சொன்ன, 500 மில்லிநொடி எதுவும் கேட்காவிட்டால் வண்டி தானே நிற்கிற ஏற்பாடு. அமைப்புப் பக்கத்தில் அதற்கு ஒரு பெயர் வேண்டும். ‘பாதுகாப்பு நிறுத்தம்’ என்று பொதுவாக எழுத மனம் வரவில்லை, எதனால் நிற்கிறது என்பதே அதில் இல்லை. ‘தொடர்பு அற்றால் நில்’ என்று எழுதிப் பார்த்தேன், பொத்தானில் அடங்கவில்லை. படியில் வண்டி விழுந்த அந்தப் பெண்ணிடமே கேட்டேன். “கை விட்டா நிக்கும்” என்றாள். ‘கைவிட்டால் நில்’ என்று வைக்கலாமா? கைவிடுதல் என்றால் ஆதரவின்றி விட்டுவிடுதல் என்ற பொருள் குறுக்கே வருமா? சனிக்கிழமை இரவு வரை காத்திருக்கிறேன்.